110/11 கே.வி., 25 எம்.வி.ஏ. மின்மாற்றி: காப்புக் கருவிகளின் அளவுகளை எந்த மின்னோட்டத்திலிருந்து கணக்கிடுவது?

ஆலைப் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலையில் 110/11 கே.வி., 25 எம்.வி.ஏ. மின்மாற்றி ஒன்று இயங்கி வருகிறது. அதே அளவில் இரண்டாவது மின்மாற்றியை நிறுவ இருக்கிறோம். டெல்டா-ஸ்டார் இணைப்பு, வெக்டர் குரூப் (இரு பக்க வைண்டிங்குகளின் இணைப்பையும் கோண வேறுபாட்டையும் குறிப்பது) டி.ஒய்.என்.11, இம்பீடன்ஸ் 10 விழுக்காடு. சுமையோடு மாற்றக்கூடிய டேப் (வோல்டேஜைச் சரிசெய்ய வைண்டிங் சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +5 முதல் -15 விழுக்காடு வரை, படிக்கு 1.25 விழுக்காடு. 11 கே.வி. பக்கத்து நியூட்ரல் நேரடியாகப் புவியோடு இணைக்கப்படும். எங்கள் 110 கே.வி. பஸ்ஸில் (பொது மின்கடத்தியில்) ஃபால்ட் லெவல், அதாவது குறுக்குச்சுற்றில் பாயக்கூடிய திறன், 3000 எம்.வி.ஏ. என்று மின்வழங்கு நிறுவனம் எழுத்தில் தெரிவித்திருக்கிறது.

ஆலோசகர் அனுப்பிய வரைவில் உள்ளவை இவை: 110 கே.வி. பக்கம் 200/1 சி.டி. (ரிலேக்காக மின்னோட்டத்தைக் குறைத்துத் தரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்), 11 கே.வி. பக்கம் 1600/1 சி.டி., 11 கே.வி. பிரேக்கர் 2000 ஆம்பியர், துண்டிக்கும் திறன் 16 கிலோஆம்பியர். ஆர்.இ.எஃப். காப்புக்கான (வைண்டிங்குக்குள் ஏற்படும் புவி ஃபால்ட்டை மட்டும் காணும் காப்பு) சி.டி.யின் நீ-பாயின்ட் வோல்டேஜ் (கோர் செறிவடையத் தொடங்கும் வோல்டேஜ்) 400 வோல்ட். ஓவர்கரன்ட் ரிலேயின் பிக்கப் (ரிலே இயங்கத் தொடங்கும் மின்னோட்டம்) 110 கே.வி. பக்கம் 160 ஆம்பியர், 11 கே.வி. பக்கம் 1600 ஆம்பியர். எல்லாமே முழுச்சுமை மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு அதற்கு மேல் சற்றுக் கூட்டிப் போட்ட எண்களாகத் தெரிகின்றன. கொள்முதல் ஆணை கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

ரிலே அறை

வணக்கம் ஐயா. முழுச்சுமை மின்னோட்டம் கருவிகள் நாள்முழுதும் சூடேறாமல் தாங்க வேண்டிய அளவை மட்டுமே சொல்லும். காப்புக் கருவியின் அளவைத் தீர்மானிப்பது அந்தக் கருவி வழியாக, அந்த இடத்தில், மிக மோசமான நிலையில் பாயக்கூடிய ஃபால்ட் மின்னோட்டம். ஆகவே முதலில் அடிப்படை எண்களை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முழுச்சுமை 110 கே.வி. பக்கம் 131 ஆம்பியர், 11 கே.வி. பக்கம் 1312 ஆம்பியர். 110 கே.வி. புஷ்ஷிங்கில் ஃபால்ட் ஏற்பட்டால் 3000 எம்.வி.ஏ. முழுவதும் அங்கே பாயும், அது 15.75 கிலோஆம்பியர், அதாவது முழுச்சுமையின் 120 மடங்கு. 11 கே.வி. பக்கம் ஃபால்ட் ஏற்பட்டால் மின்மாற்றியின் இம்பீடன்ஸ் குறுக்கே நிற்கிறது. 25 எம்.வி.ஏ.வை 10 விழுக்காட்டால் வகுத்தால் 250 எம்.வி.ஏ.; மூலத்தின் 3000 எம்.வி.ஏ.வைத் தொடரில் சேர்த்தால் 231 எம்.வி.ஏ. எனவே 11 கே.வி. பஸ்ஸில் 12.1 கிலோஆம்பியர் பாயும். அதே நேரத்தில் 110 கே.வி. பக்கத்தில் 1.21 கிலோஆம்பியர் தெரியும்.

ஒரே சி.டி. தன் ஒரு பக்கத்து ஃபால்ட்டுக்கு 15.75 கிலோஆம்பியரையும் மறுபக்கத்து ஃபால்ட்டுக்கு 1.21 கிலோஆம்பியரையும் காண்கிறது என்பதுதான் மின்மாற்றிக் காப்பின் தனித்தன்மை. உள்ளே ஏற்படும் ஃபால்ட்டுக்கு ரிலே உடனே இயங்க வேண்டும், வெளியே ஏற்படும் ஃபால்ட்டுக்கு அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் பட்டியலின் ஒவ்வொரு எண்ணையும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் உட்படுத்திப் பார்க்க வேண்டும்.

110 கே.வி. பிரேக்கரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 131 ஆம்பியர் சுமைக்கு 1250 ஆம்பியர் பிரேக்கரா என்று கணக்குப் பிரிவினர் கேட்கக்கூடும். அந்த வோல்டேஜில் துண்டிக்கும் திறன்தான் பிரேக்கரைத் தீர்மானிக்கிறது. அதன் துண்டிக்கும் திறனான 31.5 கிலோஆம்பியர் இன்றைய 15.75-க்குப் போதுமான இடம் விடுகிறது.

கொங்கு மின்னியல்

11 கே.வி. பிரேக்கரின் 16 கிலோஆம்பியர் பற்றி ஒரு கேள்வி. ஒரே மின்மாற்றி இயங்கும்போது 12.1 என்பதால் 16 போதும் என்று ஆலோசகர் முடிவு செய்திருக்கிறார். ஆனால் இனி இரண்டு மின்மாற்றிகள் இருக்கப்போகின்றன. பஸ் கப்ளர் (இரு 11 கே.வி. பஸ்களையும் இணைக்கும் பிரேக்கர்) மூடிய நிலையில் இரண்டும் இணையாக இயங்குமா?

ஆலைப் பொறியாளர்

நிரந்தரமாக இயங்காது. ஒரு மின்மாற்றியிலிருந்து மற்றொன்றுக்குச் சுமையை மாற்றும்போது மட்டும், உற்பத்தி நின்றுவிடாமல் இருப்பதற்காக, சில விநாடிகள் இணையாக வைத்திருப்போம்.

ரிலே அறை

அப்படியானால் அந்தச் சில விநாடிகளுக்கும் சேர்த்துத்தான் பிரேக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு மின்மாற்றிகளும் இணையாக இருந்தால் 500 எம்.வி.ஏ.; மூலத்தைச் சேர்த்தால் 429 எம்.வி.ஏ. 11 கே.வி.யில் அது 22.5 கிலோஆம்பியர். மின்வழங்கு நிறுவனம் தன் துணைமின்நிலையத்தை விரிவுபடுத்தி உங்கள் பஸ்ஸின் ஃபால்ட் லெவல் 5000 எம்.வி.ஏ. ஆகிவிட்டால் அது 23.9 ஆகும். பெரிய 11 கே.வி. மோட்டார்கள் இருந்தால் அவை ஃபால்ட்டின் முதல் சில சுழற்சிகளில் தம் பங்கையும் சேர்க்கும். 16 கிலோஆம்பியர் பிரேக்கர் இந்த மின்னோட்டத்தைத் துண்டிக்க முயன்றால் அது வெடிக்கும் வாய்ப்பு உண்மையானது. ஸ்விட்ச்போர்டின் முன்னால் ஆள் நிற்கும் நேரமும் அதுவே.

சில விநாடிகள்தானே என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. பிரேக்கர்கள் இயங்கும் நேரத்தில்தான் இன்சுலேஷனுக்கு அழுத்தம் மிகுதி. ஃபால்ட் ஏற்பட வாய்ப்புள்ள நேரத்தையே கணக்கிலிருந்து விலக்குவது முறையாகாது.

கொங்கு மின்னியல்

புதிய மின்மாற்றியின் இம்பீடன்ஸை 12.5 விழுக்காடாகக் கேட்டு வாங்கினால் ஃபால்ட் லெவல் குறையுமே?

ரிலே அறை

குறையும், ஆனால் போதுமான அளவு குறையாது. 250-உடன் 200-ஐக் கூட்டினால் 450 எம்.வி.ஏ.; மூலத்தையும் சேர்த்தால் 391, அதாவது 20.5 கிலோஆம்பியர். 16-க்குள் அப்போதும் வரவில்லை. மேலும் இணையாக இயங்கும்போது சுமை இம்பீடன்ஸுக்கு எதிர் விகிதத்தில் பிரியும். 10 விழுக்காட்டு மின்மாற்றி தன் 25 எம்.வி.ஏ.வை எட்டும்போது மற்றது 20-இல்தான் நிற்கும். மின்வழங்கு நிறுவனத்தின் கணக்கிலும் இரண்டு வேறு மின்மாற்றிகளாகிவிடும். இம்பீடன்ஸைச் சமமாக வைத்து, பிரேக்கரை 25 கிலோஆம்பியராக உயர்த்துவதே நேரான வழி.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. முதல் மின்மாற்றியின் பழைய 11 கே.வி. போர்டும் அதே 22.5 கிலோஆம்பியரைக் காணும். அதன் பஸ்பார்கள், சி.டி.கள், எர்த்திங் ஸ்விட்ச், வெளியே செல்லும் கேபிள்களின் ஸ்கிரீன் ஆகிய அனைத்தையும் பாருங்கள். அந்தப் போர்டை மாற்ற முடியாதென்றால், இரண்டு இன்கமர்கள் (மின்மாற்றியிலிருந்து போர்டுக்கு வரும் பிரேக்கர்கள்), ஒரு கப்ளர் ஆகிய மூன்றில் எப்போதும் இரண்டு மட்டுமே மூடியிருக்கும்படி இன்டர்லாக் அமைத்து, இணையாக இயக்குவதையே தடுத்துவிடுங்கள். அதற்கு உற்பத்தித் துறை சுமை மாற்றத்தின்போது ஒரு குறுகிய தடையை ஏற்க வேண்டியிருக்கும்.

ஆலைப் பொறியாளர்

பழைய போர்டின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன்: 3 விநாடிக்கு 25 கிலோஆம்பியர். எனவே புதியதையும் அதற்கு இணையாகக் கேட்கிறேன். அடுத்து 110 கே.வி. சி.டி. 200/1 சரிதானா?

கொங்கு மின்னியல்

எனக்கு அது சிறியதாகத் தோன்றுகிறது. 15.75 கிலோஆம்பியர் என்பது 200-இன் 79 மடங்கு. 5பி20 வகுப்பு சி.டி. 20 மடங்கு வரைதான் துல்லியத்துக்குப் பொறுப்பேற்கிறது. புஷ்ஷிங் ஃபால்ட்டில் அதன் கோர் செறிவடைந்துவிடும். 600/1 எடுப்பதே பாதுகாப்பு.

ரிலே அறை

செறிவடையும் என்பது உண்மை. ஆனால் அந்த ஃபால்ட் காப்பு எல்லைக்கு உள்ளே இருப்பது. அங்கே ரிலே துல்லியமாக அளக்க வேண்டியதில்லை, தவறாமல் இயங்கினால் போதும். கவலைப்பட வேண்டிய இடம் வேறு. செறிவடைந்த சி.டி.யின் அலைவடிவம் சிதைந்து இரண்டாம் ஹார்மானிக்கைத் தோற்றுவிக்கும். டிஃபரன்ஷியல் ரிலே (இரு பக்க மின்னோட்டங்களின் வேறுபாட்டைப் பார்ப்பது) அதை இன்ரஷ், அதாவது மின்னேற்றும் கணத்தில் பாயும் காந்தமாக்கும் மின்னோட்டம், என்று எண்ணித் தன்னைத் தடுத்துக்கொள்ளக் கூடும். இதற்காகவே ஹார்மானிக் தடை இல்லாத, பெரிய வேறுபாட்டுக்கு உடனே இயங்கும் ஹைசெட் கட்டம் வைக்கப்படுகிறது. அதை முழுச்சுமையின் 10 மடங்கில் வைத்தால் சாதாரண இன்ரஷுக்கு மேலே நிற்கும். 200/1, 5பி20 சி.டி. தன் முழு பர்டனில்கூட (செகண்டரியில் இணைத்த சுமையில்கூட) 4000 ஆம்பியர் வரை, அதாவது முழுச்சுமையின் 30 மடங்கு வரை நேர்மையாகத் தெரிவிக்கும் என்பதால், ஹைசெட் இயங்குவதற்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது.

600/1 எடுத்தால் முழுச்சுமையில் செகண்டரி மின்னோட்டம் 0.22 ஆம்பியராகச் சுருங்கிவிடும். சுற்றுகளுக்கிடையே தொடங்கும் சிறு ஃபால்ட்டைக் கண்டறியும் கூர்மை அதனால் குறையும். இடைப்பட்ட வழியாக 400-200/1 சி.டி.யைக் கேளுங்கள். 200/1 சி.டி. ஒரு விநாடிக்கு 31.5 கிலோஆம்பியர் தாங்க வேண்டுமென்றால் அது 157 மடங்கு. தயாரிப்பாளருக்கும் 400-இன் அடிப்படையில் வடிவமைப்பது எளிது. ஆனால் செகண்டரியில் டேப் எடுக்கும் சி.டி.யில் 200-ஐப் பயன்படுத்தினால் நீ-பாயின்ட் வோல்டேஜ் பாதியாகிவிடும் என்பதை விவரக்குறிப்பில் கணக்கில் கொள்ளுங்கள். எந்த டேப்பில் எத்தனை வோல்ட் வேண்டும் என்று தெளிவாக எழுதாத ஆணைகளால் வந்த சிக்கல்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்களம்

டிஃபரன்ஷியல் ரிலேயின் அமைப்பைப் பற்றி இங்கே ஒன்றைச் சேர்க்கிறேன். பலர் 110 கே.வி. என்ற பெயரளவு வோல்டேஜையே ரிலேயில் பதிந்துவிடுகிறார்கள். உங்கள் டேப் எல்லை சமச்சீரற்றது. -15 விழுக்காட்டு டேப்பில் வோல்டேஜ் 93.5 கே.வி., முழுச்சுமை 154 ஆம்பியர், +5-இல் 115.5 கே.வி., 125 ஆம்பியர். பெயரளவான 131-ஐப் பதிந்தால் கடைசி டேப்பில், எந்த ஃபால்ட்டும் இல்லாமலேயே, ஏறத்தாழ 18 விழுக்காடு வேறுபாடு ரிலேக்குத் தெரியும். இரண்டு எல்லைகளின் சராசரியான 140 ஆம்பியரைப் பதிந்தால் அந்த வேறுபாடு இரு பக்கமும் 10 முதல் 11 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். இதற்குச் செலவு ஏதுமில்லை. இதனால் கிடைக்கும் இடத்தைக் கொண்டு பிக்கப்பை 20 விழுக்காட்டுக்கு இறக்க முடிகிறது. பாயும் மின்னோட்டம் கூடக் கூட, இயங்கத் தேவையான வேறுபாட்டை உயர்த்தும் முதல் சாய்வு 30 விழுக்காடு, பெரிய வெளி ஃபால்ட்டுகளுக்கான இரண்டாம் சாய்வு 70 விழுக்காடு அளவில் இருந்தால் இந்த மின்மாற்றிக்குப் பொருந்தும்.

இரண்டாம் ஹார்மானிக் தடையை வழக்கமான 15 விழுக்காட்டில் வைத்துத் தொடங்கலாம். ஆனால் குறைந்த இழப்புள்ள இன்றைய கோர்களில் இன்ரஷின் இரண்டாம் ஹார்மானிக் பங்கு 10 விழுக்காட்டுக்கும் கீழே போவதுண்டு. மூன்று ஃபேஸ்களில் ஒன்றில் மட்டும் அப்படிக் குறைந்தால், ஒரு ஃபேஸில் காணும் தடையை மற்றவற்றுக்கும் பொருத்தும் வசதி உதவும். முதன்முறை மின்னேற்றும்போது ரிலேயின் பதிவை எடுத்துப் பார்த்து, அதன் பிறகு இந்த எண்ணை உறுதிசெய்யுங்கள். மற்றொரு மின்மாற்றி ஏற்கெனவே பஸ்ஸில் இருப்பதால், புதியதை ஏற்றும்போது பழையதிலும் இன்ரஷ் தூண்டப்படலாம். அதன் ரிலே பதிவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆலைப் பொறியாளர்

மிகவும் பயனுள்ள விளக்கம். ஆர்.இ.எஃப்.க்கு 400 வோல்ட் நீ-பாயின்ட் பற்றி என்ன கருதுகிறீர்கள்? கூடுதலாக இருப்பதால் தீங்கில்லை என்று ஆலோசகர் சொல்கிறார். டிஃபரன்ஷியல் இருக்கும்போது ஆர்.இ.எஃப். எதற்கு என்று நிர்வாகமும் கேட்கிறது.

ரிலே அறை

நிர்வாகத்தின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஸ்டார் வைண்டிங்கில் நியூட்ரலுக்கு அருகே புவி ஃபால்ட் ஏற்பட்டால் குறுக்காகும் சுற்றுகள் மிகக் குறைவு. நியூட்ரலில் பெரிய மின்னோட்டம் பாய்ந்தாலும் 110 கே.வி. பக்கத்தில் தெரிவது சொற்பம். நியூட்ரலில் ரெசிஸ்டர் இருந்தால் நிலை இன்னும் மோசம். ரெசிஸ்டர் புவி ஃபால்ட்டை முழுச்சுமை அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், பிரைமரி மின்னோட்டம் ஃபால்ட் நிற்கும் இடத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 20 விழுக்காட்டில் அமைத்த டிஃபரன்ஷியல், நியூட்ரலிலிருந்து 59 விழுக்காடு வரையுள்ள வைண்டிங்கைக் காக்காது. ஆர்.இ.எஃப். நியூட்ரல் மின்னோட்டத்தை நேரடியாக அளப்பதால் அந்தப் பகுதியின் பெரும்பங்கைக் காக்கிறது. நீங்கள் பின்னாளில் ரெசிஸ்டர் வைக்கும் எண்ணம் கொண்டிருந்தால் இதைத் தவிர்க்கவே கூடாது.

இனி 400 வோல்ட். ஹை-இம்பீடன்ஸ் ஆர்.இ.எஃப்.க்கான கணக்கு எளியது. வெளி ஃபால்ட்டில் 12.1 கிலோஆம்பியர், செகண்டரியில் 7.56 ஆம்பியர். ஒரு சி.டி. முழுவதும் செறிவடைந்து மற்றவை சரியாக இயங்குவதாகக் கொள்கிறோம். சி.டி. வைண்டிங்கின் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் என்றும், ரிலே அறைக்குத் தொலைவு 100 மீட்டர், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்றும் வைத்தால் போகவர 1.48 ஓம். பெருக்கினால் 49 வோல்ட். இதுதான் ரிலே அசையாமல் நிற்க வேண்டிய வோல்டேஜ். நீ-பாயின்ட் இதன் இரு மடங்காவது, அதாவது 98 வோல்ட்டாவது இருக்க வேண்டும். 200 வோல்ட் தாராளம். ரிலேயை 0.1 ஆம்பியரில் அமைத்தால் அதனோடு தொடரில் சேரும் ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டர் 490 ஓம்.

உள் ஃபால்ட் ஏற்படும்போது இதே 490 ஓம் வழியாக 7.56 ஆம்பியர் பாய முயலும். கோர் செறிவடையாவிட்டால் 3750 வோல்ட் எழும். உண்மையில் எழும் உச்ச வோல்டேஜ் நீ-பாயின்ட்டைப் பொறுத்தது: 200 வோல்ட் சி.டி.க்கு அது ஏறத்தாழ 2400 வோல்ட், 400 வோல்ட் சி.டி.க்கு ஏறத்தாழ 3300 வோல்ட். கம்பிகளும் டெர்மினல்களும் தாங்கும் எல்லையாக 3000 வோல்ட்டைக் கொள்வது வழக்கம். கூடுதலாகக் கேட்ட நீ-பாயின்ட்டே அந்த எல்லையைத் தாண்டச் செய்து மெட்ரோசிலை (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை) கட்டாயமாக்குகிறது. கூடுதலாக இருப்பதில் தீங்கில்லை என்ற கூற்று இங்கே பொருந்தாது என்பதை ஆலோசகருக்கு இந்தக் கணக்கோடு எழுதுங்கள். சி.டி.யின் உண்மையான ரெசிஸ்டன்ஸ் தயாரிப்பாளரிடமிருந்து வந்தவுடன் எண்களைத் திரும்பவும் போட்டுப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டு அறை 300 மீட்டர் தொலைவில் என்றால் விடை மாறிவிடும்.

கொங்கு மின்னியல்

ஓவர்கரன்ட்டில் எனக்கு ஓர் ஐயம். வரைவில் 110 கே.வி. பக்கம் 160 ஆம்பியர் பிக்கப், 11 கே.வி. பக்கம் 1600. மேலே சோதனைக்களம் சொன்னபடி -15 டேப்பில் முழுச்சுமையே 154 ஆம்பியர். 160 என்பது அதற்கு மிக அருகில் இருக்கிறது.

சோதனைக்களம்

சரியாகக் கவனித்தீர்கள். கிரிட் வோல்டேஜ் விழுந்து டேப் கீழே போகும் நேரத்தில்தான் ஆலைக்கு மின்மாற்றி மிகவும் தேவைப்படும். அப்போது சிறு கூடுதல் சுமைக்கே ரிலே ஓடத் தொடங்கிவிடும். 200 ஆம்பியர் வையுங்கள்.

நேரத்தைப் பார்ப்போம். ஃபீடர்களுக்கு மேலே 11 கே.வி. இன்கமர் 12.1 கிலோஆம்பியருக்கு 0.6 விநாடியில் இயங்க வேண்டும் என்றால், ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவில் (மின்னோட்டம் கூடக் கூட நேரம் குறையும் வளைவு) 1600 ஆம்பியர் பிக்கப்புக்கு டைம் மல்டிப்ளையர் (அந்த நேரத்தைப் பெருக்கும் எண்) ஏறத்தாழ 0.177. 110 கே.வி. ரிலே 1.21 கிலோஆம்பியருக்கு 0.9 விநாடி என்றால் 200 ஆம்பியர் பிக்கப்புக்கு 0.236. தாளில் 0.3 விநாடி இடைவெளி கிடைத்துவிட்டது என்று இங்கே நிறுத்திவிடக் கூடாது. டெல்டா-ஸ்டார் மின்மாற்றியில் 11 கே.வி. பக்கம் இரு ஃபேஸ்களுக்கிடையே ஃபால்ட் ஏற்பட்டால், அந்தப் பக்கத்து ரிலே மூன்று ஃபேஸ் மதிப்பின் 0.866 பங்கையே காணும். ஆனால் 110 கே.வி. பக்கத்தின் ஒரு ஃபேஸில் மூன்று ஃபேஸ் ஃபால்ட்டுக்குச் சமமான முழு மின்னோட்டம் பாயும். இன்கமரின் நேரம் 0.65 விநாடியாக நீள, மேலே உள்ளது 0.9-லேயே நிற்கும், இடைவெளி 0.25-ஆகச் சுருங்கிவிடும். மல்டிப்ளையரை 0.25 ஆக்கினால் நேரம் 0.955 விநாடி, இடைவெளி திரும்பக் கிடைக்கும். ஐ.இ.சி. 60076-5 மின்மாற்றிக்கு எதிர்பார்க்கும் 2 விநாடித் தாங்குதிறனுக்குள்ளும் இது அடங்குகிறது.

110 கே.வி. பக்கத்து உடனடிக் கட்டத்தை, மறுபக்க ஃபால்ட்டுக்கு இயங்காதபடி 1.21 கிலோஆம்பியரின் 1.3 மடங்கில், 1600 ஆம்பியரில் வையுங்கள். அது முழுச்சுமையின் 12 மடங்கு என்பதால் இன்ரஷுக்கும் இடம் கிடைக்கிறது.

ஆலைப் பொறியாளர்

பிக்கப், மல்டிப்ளையர், நீ-பாயின்ட், 11 கே.வி. பிரேக்கர் ஆகிய நான்கையும் திருத்திய கணக்கோடு ஆலோசகருக்கு அனுப்புகிறேன். புக்கோல்ஸ் ரிலே (எண்ணெயில் சேரும் வாயுவையும் திடீர் எண்ணெய் ஓட்டத்தையும் காணும் ரிலே), டேப் சேஞ்சரின் ஆயில் சர்ஜ் ரிலே, பிரஷர் ரிலீஃப், வைண்டிங் வெப்பநிலை ஆகியவை மின்மாற்றியோடு வருகின்றன. இவற்றில் எதையாவது டிரிப்பிலிருந்து நீக்கி அலாரத்தில் மட்டும் வைக்கலாமா என்று பராமரிப்புப் பிரிவு கேட்கிறது.

ரிலே அறை

புக்கோல்ஸின் சர்ஜ் தொடர்பும் டேப் சேஞ்சரின் சர்ஜ் ரிலேயும் கட்டாயம் டிரிப்புக்குச் செல்ல வேண்டும். மெதுவாக வாயு சேரும் மேல் மிதவைக்கு மட்டும் அலாரம். நமது நாட்டின் மத்திய மின்சார ஆணைய விதிகள் 1000 கே.வி.ஏ.விலும் அதற்கு மேலும் வாயு அழுத்தக் காப்பையும், 10 எம்.வி.ஏ.விலும் அதற்கு மேலும் டிஃபரன்ஷியலையும் கேட்கின்றன, 25 எம்.வி.ஏ.வில் இது விருப்பத்துக்கு உரியதன்று. சி.டி.கள் எதுவும் காணாத சிறு சுற்றுப் பழுதை முதலில் காட்டுவது பெரும்பாலும் புக்கோல்ஸ்தான்.

ஆலைப் பொறியாளர்

இறுதியாக ஒன்று. மின்னேற்றுவதற்கு முன், சி.டி.களின் போலாரிட்டியும் ரிலேயின் வெக்டர் குரூப் அமைப்பும் சரியென்று சுமையில்லாமலேயே அறிய வழி உண்டா?

சோதனைக்களம்

உண்டு. 11 கே.வி. பக்கத்து மூன்று ஃபேஸ்களையும், சி.டி.களுக்கு அப்பால், குறுக்கே இணைத்துவிட்டு 110 கே.வி. பக்கத்தில் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் மின்சாரத்தைக் கொடுங்கள். இம்பீடன்ஸ் 10 விழுக்காடு என்பதால் 110 கே.வி. பக்கத்தில் ஏறத்தாழ 5 ஆம்பியரும் 11 கே.வி. பக்கத்தில் 50 ஆம்பியரும் பாயும். 200/1 டேப்பில் செகண்டரியில் 25 மில்லிஆம்பியர், மறுபக்கம் 31 மில்லிஆம்பியர். நல்ல மில்லிஆம்பியர் கிளாம்ப் மீட்டரும் நியூமெரிக்கல் ரிலேயின் திரையும் இதைக் காட்டும். இரு பக்கமும் முழுச்சுமையின் 3.8 விழுக்காடாகத் தெரிந்து, வேறுபாடு சுழிக்கு அருகில் இருக்க வேண்டும். அதன் பின் ஒரு பக்கத்து சி.டி. இணைப்புகளை வேண்டுமென்றே திருப்பிப் போட்டு, வேறுபாடு 7.6 விழுக்காட்டுக்கு ஏறுவதையும் பதிவு செய்யுங்கள். சுழியைக் காட்டிய மீட்டர் உண்மையிலேயே அளந்துகொண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று. சி.டி. செகண்டரியைத் திருப்புவதற்கு முன் 415 வோல்ட் சப்ளையை நிறுத்திவிடுங்கள். மின்னோட்டம் பாயும்போது சி.டி. செகண்டரி ஒருபோதும் திறந்திருக்கக் கூடாது.

இந்தச் சோதனையை டேப்பின் இரு எல்லைகளிலும் நடுவிலும் செய்து, அறிக்கையை ரிலே அமைப்புத் தாளோடு சேர்த்து வையுங்கள். ஆர்.இ.எஃப்.க்கு மூன்று ஃபேஸ் சோதனை போதாது, 11 கே.வி. பக்கத்தில் சி.டி.க்கு வெளியே ஒரு ஃபேஸை மட்டும் புவியோடு இணைத்து இதே முறையில் செய்தால்தான் நியூட்ரல் சி.டி.யின் திசை உறுதியாகும்.